ஜமீலாவைக் குளிப்பாட்டிய பாடம்

மகனே, உனக்கு என் ஸலாம். போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதி அனுப்புகிறாளே, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசினால் நடுவிலேயே நீ “விடும்மா, பழைய கதை” என்பாய். நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். ஏழு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். இதைக் கடைசிவரை படித்த பிறகு நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல்தான் எழுதுகிறேன். உன் நிக்காஹ்வுக்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

போன மாதம் நீ ஒரு பட்டியல் அனுப்பினாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இஸ்லாமியக் கல்வி படிக்கும் பிள்ளைகளுக்காக உன் கம்பெனி கம்ப்யூட்டர் பாடங்கள் தயார் செய்கிறது என்றாய். “எங்கம்மா அந்தக் காலத்துலயே இதெல்லாம் பண்ணாங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்மா. தொழுகை, ஹஜ்ஜு, ஜனாஸா, எல்லாம் உன் குரல்லயே வேணும்” என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். எல்லாம் பழைய போனோடு போய்விட்டது என்றேன். பொய். அந்தப் பேச்சோடு பேச்சாகக் கல்யாண வேலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய், “இவங்களாவது சொன்ன சொல்லக் காப்பாத்துவாங்களா? சபியா வூட்டுல பண்ண மாதிரி துபாய் மாப்ள வந்தா மாத்திட மாட்டாங்களே?” நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். மகனே, சபியாவுக்குத் துபாய் மாப்பிள்ளை என்று ஒருவன் வரவே இல்லை. அப்படி ஒருவனை உண்டாக்கி உன்னிடம் சொன்னவள் நான். உன் நிச்சயம் நின்று போனதற்குக் காரணம் அவளும் இல்லை, அவள் வீட்டாரும் இல்லை. நான்தான்.

நான் கல்லூரியில் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு சாக்பீஸ் டப்பா, ஒரு தலையணை, பழைய வேட்டி ஒன்று. தலையணை எதற்கு என்றால், இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தயார் செய்கிற ஜனாஸா பாடத்துக்கு. எங்கள் கல்லூரியில் படித்து வெளியே போகிற பெண் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாலும், அவள் தெருவில் ஒரு பொம்பளை இறந்துபோனால் ‘டீச்சரைக் கூப்பிடு’ என்று அவளைத்தான் தேடி வருவார்கள். மய்யித்தின் உடம்பை எப்படித் திருப்புவது, மேலே போர்த்திய துணி விலகாமல் உள்ளே எப்படிக் கை விட்டுக் கழுவுவது, கஃபன் துணியை எந்த வரிசையில் போர்த்துவது, எல்லாம் அந்தத் தலையணையில்தான் செய்து காட்டுவேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “இன்னா டீச்சர், தலாணிக்கு ஜுரமா?” என்பாள் ஒருத்தி. நானும் சிரித்துவிட்டு, யார் வீட்டிலாவது மவுத்து என்று தகவல் வந்தால், வீட்டாரிடம் கேட்டு, இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்க வைப்பேன். முதலில் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். கை நடுங்குவது நின்ற பிறகு துணியைப் பிடிக்கச் சொல்வேன். வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: “உள்ளே என்ன பார்த்தாய்?” ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னால்தான் அவள் தேறினாள். குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. அந்தப் பாடத்தின் உயிரே அதுதான்.

பிறகு கல்லூரிக்குப் புரொஜெக்டர் வந்தது. நீ அப்போது கடைசி வருஷம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய். நம் ராயபுரம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போகிற வழியை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினாய். மினாவிலிருந்து அரஃபாவுக்கு ஒரு சின்னப் புள்ளி நகர்ந்து போனது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், நினைவிருக்கிறதா? உன் அத்தா ஹார்பர் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். அந்த நாட்களைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எண்ணூர்ப் பக்கத்துப் பெண்கள் கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு முதல் வகுப்பைத் தவற விடுவார்கள். நீ செய்து கொடுத்த பிறகு பஸ்ஸிலேயே போனில் பாடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வாய் திறக்காத பெண்களெல்லாம் கேள்வி கேட்டார்கள். இந்தத் தொழில்நுட்பத்தால் நன்மை இல்லை என்று நான் சொன்னால் அல்லாஹ் என்னைக் கேட்பான்.

ஆனால் எனக்குத் தலைக்கனம் ஏறியது. கல்லூரி முதல்வர் என்னை மேடையில் உட்கார வைத்தார். வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து என் பாடங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்குப் போனால், “நீங்க அந்த ஹஜ்ஜு வீடியோ டீச்சர்தானே, கொரல வச்சே கண்டுபுடிச்சிட்டேன்” என்று யாராவது சொல்வார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தித்தித்தது. எல்லாப் பாடத்துக்கும் வீடியோ இருக்கிறது, ஜனாஸாவுக்கு மட்டும் தலையணைதானா என்று ஒரு அரிப்பு. தலையணையை எடுத்துக் காட்டவே வெட்கமாகிவிட்டது. அந்த வருஷம் நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாய். இதை மட்டும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய் என்று என் மனசுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஜமீலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபியாவின் அம்மா என்றுதான் உனக்கு அவளைத் தெரியும். நிச்சயத்தன்று உன் கையில் வாட்சைக் கட்டிவிட்டு, “மருமவனே, டைமுக்கு வூட்டுக்கு வரணும்” என்று சொன்னாளே, அந்த ஜமீலா. திருவொற்றியூரில் வீடு. அவள் வீட்டுக்காரருக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை மேடையில் வேலை. அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இது அவள் வீட்டுக்காரர், சபியா, நான், மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊருக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி வைத்திருந்தாள். கடைசியில் படுக்கையில் விழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “டீச்சரக்கா, நான் பூட்டா நீதான் குளிப்பாட்டணும். என் நாத்தனாருங்க யாரையும் உள்ள வுடாத. அவளுங்க பாத்தா, நான் மண்ணுக்குள்ள போறதுக்குள்ள தெரு பூரா பேசிடுவாளுங்க.” நான் சத்தியம் செய்தேன். அல்லாஹ் மேல் ஆணையாக என்று வாய் விட்டுச் சொன்னேன்.

அவள் ஒரு காலையில் மவுத்தானாள். வீட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நாலு பக்கமும் போர்வை கட்டி மறைத்தோம். உள்ளே நான், தண்ணீர் ஊற்ற சபியா. நாத்தனார்கள் வெளியே நின்று முணுமுணுத்தார்கள். நான் என் மாணவி ஒருத்தியைக் கூட அழைத்துப் போயிருந்தேன். எண்ணூர்ப் பெண், சொன்னதைத் தட்டாதவள். முகம் தெரியாமல் என் கையை மட்டும் போனில் பிடி என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். போர்வைகளால் சந்து இருட்டாக இருந்தது. அவள் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். சபியா அவளைப் பார்த்து, “நல்ல வேள, லைட் எடுத்தாந்த” என்று சொன்னாள். வெளிச்சம் காட்டத்தான் நிற்கிறாள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது. இல்லையம்மா, படம் எடுக்கிறோம் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாயை இழந்து நிற்பவளிடம் அந்த நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இறந்தவளிடம் கேட்க முடியாது, இருப்பவளிடம் கேட்கவில்லை.

நம்பினால் நம்பு, துணி ஓர் இம்மியும் விலகவில்லை. ஜமீலாவின் முகம் எங்கேயும் இல்லை. போனின் மேல் குற்றமில்லை. குற்றம் என் வாயில்தான். என் வழக்கப்படி சொல்லிக்கொண்டே செய்தேன். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், வலது பக்கம் முதலில், வயிற்றை மெதுவாக அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், “மார்பை எடுத்த ஆபரேஷன் தழும்பு இருந்தால், இதோ இந்தப் பக்கம் இருக்கிற மாதிரி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டேன். சபியா அழுதுகொண்டே ஊற்றிக்கொண்டிருந்தாள், அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கும் சொன்னது உறைக்கவில்லை. இதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் என் முன்னால் படுத்திருந்தது ஜமீலா இல்லை, பாடம். முப்பது வருஷம் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தவள், சத்தியம் செய்து கொடுத்த ஒரே உடம்பைப் பற்றி உலகத்துக்கே சொன்னேன்.

அந்த வீடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வெளியே யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று கீழே எழுதவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒருத்தி அக்காவுக்கு அனுப்பினாள், அக்கா மதரஸா டீச்சருக்கு, அவள் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு. நல்ல விஷயம், நாலு பேர் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் எல்லோரும் அனுப்பினார்கள். ஒருத்தி மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் என் குரல் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் நான் யாரைக் குளிப்பாட்டினேன் என்பதும் தெருவுக்கே தெரியும். பெண்களைக் குளிப்பாட்டுகிற பாடம் என்பதால் ஆண்கள் பக்கம் அது போகவில்லை. அதனால்தான் நீயும் உன் அத்தாவும் பார்க்காமல் தப்பித்தீர்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் ஜமீலாவின் பெரிய நாத்தனார், “எங்கள்ட்ட மறைச்சிட்டாளே, ஒரு பக்கம் இல்லாமயே இத்தன நாளா இருந்துகினு” என்று சபையிலேயே சொன்னாளாம்.

மறுநாள் மத்தியானம் சபியா நம் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனில் என் குரலை ஓடவிட்டாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். நான் அவள் காலில் விழப் போனேன், நகர்ந்துகொண்டாள். “நிச்சயத்த நிறுத்திடுங்க மாமி. இந்த வூட்டுல வந்து தெனமும் இந்தக் கொரலக் கேட்டுகினு என்னால இருக்க முடியாது” என்றாள். மகனிடம் என்ன காரணம் சொல்வது என்று கேட்டேன். பார், அப்போதும் எனக்கு அதுதான் கவலை. “நீங்க இன்னா வேணா சொல்லிக்குங்க. நான் சொல்ல மாட்டேன். எங்கம்மாவ நீங்க வெளிய சொன்ன மாதிரி, உங்கள நான் வெளிய சொன்னா, அப்பறம் எனக்கும் உங்களுக்கும் இன்னா வித்தியாசம்?” அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். 

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்து துபாய் மாப்பிள்ளை கதையைச் சொன்னேன். நீ நம்பினாய், ஏனென்றால் சொன்னது அம்மா. காசைப் பார்த்ததும் சொல்லை மாற்றுகிற சாதி என்று அவளுக்கு நீ எழுதி அனுப்பியதாக உன் அத்தாவிடம் சொன்னாய், எனக்கும் தெரிய வந்தது. அவள் ஒரு வரி பதில் போடவில்லை. உன் அத்தா பள்ளிவாசலில் அவள் அத்தாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார். அந்த மனிதர் எதுவும் புரியாமல் நிற்பார். இரண்டு வருஷம் இப்படியே போய், உன் அத்தா அந்தக் கோபத்தோடேயே மவுத்தாகிவிட்டார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். நீ வந்த வரனையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாய், நான் உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் பார். மூட்டு வலி என்று சொல்லி வேலையை விட்டேனே, மூட்டுக்கு ஒன்றுமில்லை. வகுப்பில் நின்று, கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற வரி வரும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் அடுத்ததற்குத் தாவினேன்.

நீ இந்தத் தொழிலில் இருக்கிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். நீ செய்கிற பாடங்களைச் செய். தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் காட்டு, தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்று படம் பிடித்துக் காட்டு. ஆனால் ஒரு பாடத்தை எடுப்பதற்கு முன், இதில் வருகிற மனிதர் சம்மதித்தாரா என்று கேள். சம்மதிக்க வாயில்லாதவர் என்றால் அதை விட்டுவிடு, உன் மேனேஜர் என்ன சொன்னாலும் சரி. தலையணை போதும். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்பாய். ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரப்போகிற பெண் ஏதாவது ஒரு நாள் காரணம் சொல்லாமல் மௌனமாக நின்றால், உடனே அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதே. அவள் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

போன வியாழக்கிழமை சபியா மறுபடியும் வந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அதே வாசலில் நின்றாள், உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். மீஞ்சூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள். டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று இந்த வருஷம் ஒரு பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை இஸ்லாமியக் கல்வி வகுப்பில், ஜன்னலையெல்லாம் சாத்தி, பெரிய திரையில் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். யார் எடுத்தது, யாருடைய உடம்பு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்தவளெல்லாம் குறிப்பு எழுதினாளாம். “நானும் எழுதினேன் மாமி. எழுதாத இருந்தா ஏன்னு கேப்பாங்கல்ல. அப்பறம் பரீட்சையிலயும் அதே கேள்வி வந்திச்சி, ஆபரேஷன் தழும்பு இருந்தா இன்னா செய்யணும்னு. முழு மார்க் போட்டாங்க” என்று சொல்லிவிட்டு, நிச்சயத்தை நிறுத்த வந்த அன்றைக்கு அழாதவள் இப்போது என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். சண்டை போட அவள் வரவில்லை. ஒன்று கேட்கத்தான் வந்தாள். “உங்க புள்ள இந்தக் கம்ப்யூட்டர் பாடத்துலதான் பெரிய வேலையில கீறாராமே. அவருக்குத் தெரியாதது இருக்காது. எல்லா எடத்துலேர்ந்தும் அத எடுக்கச் சொல்றீங்களா மாமி? எங்கம்மா போதும், பாவம்.”

எடுக்க முடியாது என்று எனக்கே தெரியும். எத்தனை போனில், எத்தனை கல்லூரியில் கிடக்கிறதோ. அதை அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மகனே, என் வாய் திருந்தவே இல்லை. “எடுத்திடுவாம்மா, அவன்கிட்ட சொல்லிட்டேன், ஒரு வாரத்துல எல்லாத்தையும் எடுத்திடுவான்” என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று என் கையைப் பிடித்தாள். நீ அவளுக்கு என்ன எழுதி அனுப்பினாய் என்று அவளுக்கு மறந்திருக்காது. ஆனாலும் அங்கேயே கையேந்தி உனக்காக துஆ செய்தாள். நாளை மறுநாள் வியாழக்கிழமை, மகனே. அவள் வருவாள்.

அம்மா